ராக் குமரேசனுக்கு நான் கொடுத்த மானிட்டர்

எங்கள் ஆரணி ஒலி ஒளி அமைப்பாளர்கள் சங்கம் இந்த வருஷம் மலர் போடுகிறதாம். சங்கத் தலைவர் பிரபு வீட்டுக்கு வந்திருந்தார். "நீங்க ராக் குமரேசன்கூட பத்து வருஷத்துக்கு மேல மிக்சர்ல உக்காந்தவரு. அவரப் பத்தி எழுதிக் குடுங்கண்ணா. வேன், மாடி வீடு, பட்டுச் சட்டை எல்லாத்தையும் எழுதுங்க. ஜனங்க அதத்தான் கேப்பாங்க" என்றார். பேச்சோடு பேச்சாகத் தான் புதிதாக வாங்கிய பெட்டி ஒன்றைப் பற்றியும் சொன்னார். பாடுகிறவர் சுருதி விலகினால் அந்தப் பெட்டியே பிடித்து இழுத்து இடத்தில் வைத்துவிடுமாம். "பாடறவருக்கே தெரியாதுண்ணா, அவ்ளோ சுத்தம்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

பாடறவருக்கே தெரியாது என்ற பேச்சுதான் என்னை நாலு நாளாகப் படுத்தியது. எழுதலாமா வேண்டாமா என்று மல்லாந்து படுத்து யோசித்துவிட்டு எழுதவே உட்கார்ந்துவிட்டேன். வேனும் மாடி வீடும் இதில் வரும். பிரபு கேட்காத சங்கதியும் வரும். அச்சில் போடுவதும் போடாததும் சங்கத்தின் இஷ்டம்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வீட்டில் தறி இருந்தது, தறிக்குழியில் காலை விட்டு உட்காரும் பொறுமை எனக்கு இல்லை. மைக்செட் கடையில் சேர்ந்தேன். முதல் மூன்று வருஷம் ஒயர் சுற்றினேன், புளியமரத்தில் ஏறிக் குழாய் ஸ்பீக்கர் கட்டினேன், எர்த் கம்பி அடித்த இடத்தில் உப்புத் தண்ணீர் ஊற்றினேன், நாலைந்து தடவை ஷாக் அடித்து விழுந்தேன். ஐந்தாம் வருஷம், எல்லா மைக்கின் சத்தத்தையும் கலந்து ஸ்பீக்கருக்கு அனுப்புகிற மிக்சரை முதலாளி தொட விட்டார். காது மட்டும் எனக்கு நன்றாக இருந்தது. எந்த ஸ்பீக்கரில் எந்தச் சத்தம் தூக்கலாக வருகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அதை வைத்துத்தான் குமரேசன் அண்ணா என்னைப் பிடித்துக்கொண்டு போனார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவர் குழுவில் சேர்ந்தேன்.

அவரும் நெசவாளர் வீட்டுப் பிள்ளைதான். அப்பா பட்டு நெய்தவர். இவர் இங்கிலீஷ் கேசட்டுகளைத் தேய்கிற வரைக்கும் கேட்டு, பாட்டைத் தமிழ் எழுத்தில் நோட்டில் எழுதிவைத்துக்கொண்டு பாடுவார். ஆரணியில் ராக் பாடுகிறவன் என்றால் யாருக்கும் சிரிப்பு வரும், எங்களுக்கே வந்தது. அர்த்தம் என்னண்ணா என்று ஒரு நாள் கேட்டேன். "பாடறவன் கோவமா கீறான்டா. கோவத்துக்கு இன்னாடா அர்த்தம்?" என்றார். அதற்கப்புறம் நான் கேட்கவில்லை. அவர் பாடினால் ஜனங்களும் அர்த்தம் கேட்கவில்லை. சினிமாப் பாட்டுக்கென்று வந்த கூட்டம், நாலாவது பாட்டாக அவர் ஒரு ராக் பாட்டை எடுத்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிடும். கண்ணமங்கலத்திலிருந்து கடைசி பஸ்ஸைப் பற்றிக் கவலைப்படாமல் வந்து நிற்பார்கள்.

அந்தக் குரலை எப்படிச் சொல்வது? எங்கள் ஊரில் புதுப் பட்டுச் சேலையைக் கிழித்துப் பார்த்தவர் யாரும் கிடையாது. கிழித்தால் இப்படித்தான் சத்தம் வரும் என்று அவர் பாடும்போது எனக்குத் தோன்றும். மேல் ஸ்தாயியில் அப்படி ஒரு கரகரப்பு. ஆனால் அதை அவர் வேண்டும்போது போட்டுக்கொள்வார், வேண்டாதபோது கழற்றிவைத்துவிடுவார். அடுத்த பாட்டே தாலாட்டு மாதிரி ஒன்றை எடுத்து வழுக்கிக்கொண்டு போவார். கரகரப்புதான் அவருடைய சொத்து. வேறு ஒரு கரகரப்பு வந்தபோது ஊரில் யாருக்கும் வித்தியாசம் தெரியாமல் போனதும் அதனால்தான். எனக்கு மட்டும் தெரிந்தது.

பிரபு கேட்ட சொத்துக் கதையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஊரார் சொன்னதில் பாதிதான் நிஜம். பெங்களூரில் பங்களா எல்லாம் கிடையாது. ஆரணியில் மொசைக் தரை போட்ட மாடி வீடு இருந்தது, மாடியில் ஒத்திகை அறை. பக்கவாட்டில் சிவப்பு எழுத்தில் பெயர் எழுதிய வெள்ளை வேன் இருந்தது. தம்பிக்கு நாலு தறி போட்டுக் கொடுத்திருந்தார். மேடைச் சட்டைகளைத் தம்பியே நெய்வார். கறுப்புப் பட்டில் உடம்பெல்லாம் சரிகை மின்னல் போட்ட சட்டை ஒன்று உண்டு. விளக்கு பட்டால் முன்வரிசைக்காரர்கள் கண்ணைச் சுருக்குவார்கள். கோயம்புத்தூரிலிருந்தெல்லாம் ஆள் வந்து, அந்தத் துணி கிடைக்குமா என்று கேட்டிருக்கிறார்கள். நல்லாத்தான் வாழ்ந்தார். கஞ்சத்தனம் இல்லை, ஆட்டமும் இல்லை. குழுவில் பதினோரு பேர், பதினோரு வீட்டிலும் அடுப்பு எரிந்தது அவர் தொண்டையால்தான்.

அவர் வேலை வாங்குகிற விதத்தைச் சொல்ல வேண்டும். ஆறு மணிக்கு நிகழ்ச்சி என்றால் மூன்று மணிக்கு வந்துவிடுவார். மேடைக்குப் போகமாட்டார். நேராகக் கடைசி வரிசைக்குப் போய் கடைசி நாற்காலியில் உட்காருவார். நான் ஒரு பாட்டை ஓடவிட வேண்டும். சுண்டுவிரலை உயர்த்தினால் கீச்சுச் சத்தம் அதிகம், கட்டைவிரலைக் கீழே காட்டினால் அடிச்சத்தம் போதாது. ஒரு வார்த்தை பேசமாட்டார். திருப்தியானதும் எழுந்து மேடைக்கு வருவார். கடைசியில் மானிட்டர்.

மானிட்டர் என்பது பாடுகிறவர் காலடியில் அவரைப் பார்த்துக்கொண்டு இருக்கிற ஸ்பீக்கர். பின்னால் டிரம்மும் பக்கத்தில் கிட்டாரும் முழங்கும்போது பாடகருக்குத் தன் குரல் கேட்காது. மானிட்டரில் என்ன வருகிறதோ அதுதான் அவருக்கு அவர் குரல். இந்த விஷயத்தில் அண்ணா எமகாதகர். சேர்ந்த முதல் நாளே என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"லோகு, வெளிய ஜனங்களுக்குப் போறதுல நீ இன்னா வேணா அலங்காரம் பண்ணிக்கோ. எக்கோ போடு, நெய் ஊத்து. எனக்குக் குடுக்கறதுல மட்டும் கைய வெக்காத. நான் இன்னா பாடறனோ அதையே எனக்குத் திருப்பிக் குடு. தப்புன்னா தப்பாவே குடு."

"சரிங்கண்ணா."

"சரின்னு வாயில சொல்லாத. மனசுல வெச்சிக்கோ."

ஒன்பது வருஷம் மனசில் வைத்திருந்தேன். மானிட்டருக்கென்று தனியாக, கீச்சிலிருந்து அடிச்சத்தம் வரை ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கிற ஈக்வலைசர் இருந்தது, அதில் முப்பத்தோரு குமிழும் நட்டநடுவில் வரிசையாக நிற்கும். தூசு தட்டுவதைத் தவிர அதில் நான் கைவைத்ததில்லை.

பிறகு ஒரு ஆடி மாதம், படவேட்டில், ஆடி வெள்ளி. மலையடிவாரத்து ஊர், மாட்டு வண்டியும் டிராக்டருமாக வந்து இறங்கிய கூட்டம். அதற்கு முந்தின ஒரு மாதமாகவே அவர் பேச்சில் ஒரு கரகரப்பு இருந்தது. சளி என்றார், மிளகு போட்ட வெந்நீர் குடித்தார். அன்றைக்கு இரண்டாவது பாட்டு மெதுவான பாட்டு. அவர் கழற்றிவைக்கிற கரகரப்பு அன்றைக்குக் கழலவில்லை. நடுவில் ஓரிடத்தில் குரல் உடைந்து காற்று மட்டும் வந்தது. எப்படியோ முடித்துவிட்டுத் திரும்பி என்னிடம் வந்தார். முகம் வெளுத்துவிட்டது.

"இன்னாடா இது, எனக்கே பேஜாரா கீது. நிறுத்திடலாம்டா. வேற யாரையாவது பாட வெச்சு ஒப்பேத்து. நான் நாளைக்கு டாக்டரப் பாத்துட்டு வந்துடறேன்."

நாளைக்கு டாக்டரைப் பார்க்கிறேன் என்று அவர் தன் வாயாலேயே சொன்னார். இதை நான் மறைக்கப் போவதில்லை.

எனக்கு அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. அப்படிப் பயந்த முகத்தோடு அவரை நான் பார்த்ததே கிடையாது. "ஒண்ணும் இல்லண்ணா, மைக் ஒயர்ல கோளாறு. இன்னொரு பாட்டு பாடிப் பாருங்க" என்றேன். அவர் திரும்பிப் போகிற நேரத்துக்குள் மானிட்டர் ஈக்வலைசரில் கரகரப்பு நிற்கிற இடத்துக் குமிழ் நாலைக் கீழே இறக்கினேன், அடிக்குரல் குமிழ் இரண்டை மேலே ஏற்றினேன், எக்கோவில் ஒரு சிட்டிகை சேர்த்தேன். வெளியே போகிற குரலுக்கும் அதையே செய்தேன். அவர் பாடினார். பாடிக்கொண்டே மானிட்டரைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. அன்றைக்கு முழு நிகழ்ச்சியையும் முடித்துவிட்டு வேனில் ஏறும்போது என் முதுகில் தட்டினார்.

"மொளகுத் தண்ணி வேல செஞ்சிட்சிடா."

நானும் சிரித்தேன். பெரிய கெட்டிக்காரத்தனம் செய்துவிட்டதாக நினைத்தேன். அவர் டாக்டரிடம் போகவில்லை.

அதற்கப்புறம் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் இதே கதைதான். ஒரு மாதத்துக்கு ஒருமுறை குமிழை இன்னும் கொஞ்சம் இறக்க வேண்டியிருந்தது, எக்கோவை இன்னும் கொஞ்சம் ஏற்ற வேண்டியிருந்தது. ஒத்திகையில் அவர் எப்போதுமே பாதிக் குரலில்தான் பாடுவார், அதனால் அங்கேயும் தெரியவில்லை. பேசும்போது கரகரத்தால், "பேச்சுதான் இப்படி, பாட்டு சுத்தமா வருது. தொண்டைல கோளாறுன்னா பாட்டு வருமாடா?" என்று என்னையே கேட்பார். நான் ஆமாம் போடுவேன். நடுவில் எத்தனையோ தடவை சொல்லிவிடலாம் என்று போனேன். சொன்னால் என்ன கேட்பார்? ஏன்டா கைவைத்தாய் என்று கேட்பார். அதற்குப் பயந்தேன். ஒரு நாள் பொய் என்றால் சொல்லிவிடலாம். ஆறு மாதப் பொய்யை எந்தப் பக்கத்திலிருந்து பிரிப்பது என்று தெரியவில்லை. வேலை போய்விடும் என்ற பயமும் இருந்தது. இல்லை என்று சொன்னால் இந்தக் கட்டுரை எழுதுவதில் அர்த்தமில்லை.

அவர் மனைவி கற்பகம் அண்ணி ஒரு நாள் காலையில் நான் சாமான் எடுக்கப் போனபோது வாசலில் நிறுத்தினார்.

"தம்பி, உங்க அண்ணன் வூட்ல பேசறப்ப கரகரன்னு கீது. சோறு முழுங்கறப்ப மூஞ்சிய சுளிக்கிறாரு. வேலூர் போலாம்னா, பாட்டு நல்லாத்தான வருதுன்னு எரிஞ்சு வுழறாரு. நீங்க கூடவே கீறீங்களே, மேடைல எப்படிங்க கீது?"

"மேடைல ஒண்ணும் தெரியல அண்ணி."

"நெசமாத்தான?"

"நெசமாத்தாங்க."

அண்ணி பெருமூச்சு விட்டு உள்ளே போனார். அன்றைக்கு மட்டும் நான் வாயைத் திறந்திருந்தால் ஆறேழு மாதம் மிச்சமாகியிருக்கும். 

இன்னும் ஒன்று. அவர் மைக்கை வேறு யாரும் தொடமாட்டார்கள். நிகழ்ச்சி முடிந்ததும் அதன் பஞ்சு உறையைக் கழற்றி வெந்நீரில் அலசி உலர்த்துவது என் வேலை. தை மாதம் ஒரு கல்யாண வரவேற்பு முடிந்து உறையைக் கழற்றினேன். கறுப்புப் பஞ்சு, பார்த்தால் ஒன்றும் தெரியாது. அலசிய தண்ணீர் லேசாகச் சிவந்தது. வெற்றிலை போடுகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. நான் தண்ணீரை வாய்க்காலில் கொட்டிவிட்டு, மறுநாள் புது உறை வாங்கிப் போட்டேன். ஈறில் இருந்து வந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இவ்வளவு வயசான பிறகும் அந்தத் தண்ணீரின் நிறம் கண்ணை விட்டுப் போகவில்லை.

செய்யாறு தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி ஆண்டு விழா. படவேடு நடந்து பதினாலு மாதம் ஆகியிருந்தது. பெரிய தகரக் கூரைக் கொட்டகை, பகல் ஷிப்ட் முடித்தவர்கள் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். வெளியில் வெளிச்சம் இருந்தது, ஐந்தரை மணி இருக்கும். அவர் மின்னல் சட்டையில் மூன்றாவது பாட்டைப் பாடிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. கீபோர்டு நின்றது, கிட்டார் நின்றது, மானிட்டர் நின்றது. வழக்கமாக இப்படி ஆனால் அவர் நிறுத்தமாட்டார். டிரம் மட்டும் அடிக்க, கைதட்டச் சொல்லி வெறுங்குரலில் பாடுவார். அதற்கே தனியாக விசில் பறக்கும்.

அன்றைக்கும் அப்படித்தான் கைதட்டச் சொன்னார். தகரக் கூரை இருந்ததால் அவர் குரல் அவருக்கே திரும்பி வந்தது. இரண்டு வரி பாடினார். டிரம்காரர் குச்சியை நிறுத்திவிட்டார். முன்வரிசையில் கைதட்டிக்கொண்டிருந்தவர்கள் கையை மடியில் வைத்துக்கொண்டார்கள். யாரும் சிரிக்கவில்லை, சிரித்திருந்தால்கூடத் தேவலை. அவர் மூன்றாவது வரியை ஆரம்பித்தார். சத்தம் வரவில்லை. இருமினார். கையை வாயிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டுப் பட்டுச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டார்.

ஜெனரேட்டர் ஓடி விளக்குகள் வந்தன. அவர் மைக்கைத் தாங்கியில் மாட்டிவிட்டு, மேடையை விட்டு இறங்கி என்னிடம் வந்தார். என்னைப் பார்க்கவில்லை. குனிந்து மானிட்டர் ஈக்வலைசரைப் பார்த்தார். வரிசையாக நிற்க வேண்டிய குமிழ்கள் பள்ளமும் மேடுமாகக் கிடந்தன. அவருக்கு அதைப் படிக்கத் தெரியும். எனக்கே பாதி சொல்லிக் கொடுத்தவர் அவர்தான்.

"எப்பலேர்ந்துடா?"

நான் கீழே கிடந்த ஒயரை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தேன்.

"லோகு, கேக்கறேன் இல்ல. எப்பலேர்ந்து?"

"படவேட்லேர்ந்துங்கண்ணா."

"இந்த ஆடியா?"

"போன ஆடிங்க."

அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. ஆள்காட்டி விரலால் ஒவ்வொரு குமிழாக நடுவுக்குத் தள்ளினார். முப்பத்தொன்றும் நேரானதும் எக்கோவை அணைத்தார். "வெளியேயும் இப்படியே வெய்" என்றார். மேடைக்குப் போய் மீதி நாலு பாட்டையும் அப்படியே பாடினார். கூட்டம் நாற்காலியை நகர்த்திக்கொண்டு கிளம்பியது. கம்பெனி பஸ்கள் ஹாரன் அடித்தன. அவர் மானிட்டரையே பார்த்துக்கொண்டு கடைசி வரி வரைக்கும் பாடினார். அவருடைய கடைசி நிகழ்ச்சி அதுதான்.

மறுநாள் காலை வேலூர் ஆஸ்பத்திரிக்கு அண்ணியோடு நானும் போனேன். நீ வராதே என்று அவர் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. குழாய் விட்டுப் பார்த்தார்கள், சதை எடுத்து அனுப்பினார்கள். ஒரு வாரம் கழித்து டாக்டர் எங்களை உட்காரவைத்துச் சொன்னார். புற்று குரல்வளை முழுக்கப் பரவிவிட்டது, குரல்வளையையே எடுத்தால்தான் ஆள் பிழைப்பார். ஆரம்பத்திலேயே வந்திருந்தால் கதிர்வீச்சுக் கரண்ட் வைத்தே சரி பண்ணியிருக்கலாம், குரல் தப்பியிருக்கும். நல்ல மனுஷர் அவர், கோபத்தில் கேட்கவில்லை, வருத்தத்தில்தான் கேட்டார்.

"பாடறவர் நீங்க. குரல் மாறினா உங்களுக்குத்தானே முதல்ல தெரியணும். ஒரு வருஷமா என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

"பாடிகினு இருந்தேங்க" என்றார்.

அண்ணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். நான் தரையைப் பார்த்தேன். என் பெயர் அந்த அறையில் வரவேயில்லை.

ஆபரேஷன் ஆனது. கழுத்தில் துவாரம் வைத்தார்கள், மூச்சு அதன் வழியாக. சொத்து வந்த வழி தெரிந்ததுபோலப் போன வழியும் தெரிந்தது. முதலில் வேன், பிறகு மேடைச் சாமான்கள், பிறகு தம்பியின் தறிகளில் இரண்டு. மாடி வீட்டில் மேல்பகுதியை வாடகைக்கு விட்டார்கள். குழுவில் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். நான் பழையபடி மைக்செட் கடைக்கே போனேன். பட்டுச் சட்டைகளை மட்டும் அண்ணி விற்கவில்லை. இது பிரபுவுக்காக எழுதுகிறேன்.

வாரம் ஒருமுறை அவரைப் பார்க்கப் போவேன். நோட்டில் எழுதிக் காட்டுவார். நன்றாகவே நடத்துவார். எந்த ஊரில் நிகழ்ச்சி, யார் பாடினார்கள் என்று கேட்டு எழுதுவார். ஒரு தடவையாவது திட்டி எழுதுவார், அதோடு என் பாரம் இறங்கிவிடும் என்று காத்திருந்தேன். எழுதவில்லை.

ஒரு வருஷம் கழித்து ஆஸ்பத்திரியில் ஒரு கருவி கொடுத்தார்கள். டார்ச் லைட் மாதிரி இருக்கும். கழுத்தில் வைத்துப் பொத்தானை அழுத்திக்கொண்டு வாயசைத்தால் அந்த அதிர்வு பேச்சாக வெளியே வரும். ஏற்ற இறக்கம் இருக்காது, எல்லாம் ஒரே சுருதி. பத்து நாள் பழகிவிட்டு எனக்குச் சொல்லி அனுப்பினார். போனேன். கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் அண்ணி. என்னை எதிரில் உட்காரச் சொன்னார். கருவியைக் கழுத்தில் வைத்தார்.

"லோ-கு. எப்-ப-டி கீ-து?"

எழுத்து எழுத்தாக வந்தது. வண்டு இரைகிற சத்தம். அவர் கண்ணை என் மேலிருந்து எடுக்காமல் காத்திருந்தார். அவர் எதற்குக் கேட்கிறார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அந்த ஊரிலேயே நல்ல காது என்னுடையதுதான் என்று பத்து வருஷம் நம்பினவர் அவர். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதை அடக்குகிற அவசரத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன்.

"நல்லாருக்குதுண்ணா. பழைய மாதிரியே கீது."

அவர் அண்ணி பக்கம் திரும்பி அதே கேள்வியைக் கேட்டார்.

"மிஷின் பேசற மாதிரிதான் கீது" என்றார் அண்ணி. "மொதல்ல பயமா இருந்துச்சி. ஆனா புரியுது."

அவர் தலையாட்டிக்கொண்டார். மடியில் இருந்த நோட்டை எடுத்து, "டீ குடிச்சிட்டுப் போ" என்று எனக்கு எழுதிக் காட்டினார்.

அதற்கப்புறம் மூன்று வருஷம் இருந்தார். அந்தக் கருவியை வைத்துக்கொண்டு அண்ணியிடம் பேசினார், தம்பியிடம் பேசினார், பால்காரரிடம் பேசினார், வழி கேட்டு வந்த ஆளிடம்கூடப் பேசினார். நான் போனால் கருவியை அணைத்துவிட்டு நோட்டை எடுப்பார்.